பழைய வீடு, இப்போது இல்லம்: உங்கள் அனுபவம்?

மாசிவீதிக்காரன்:
அப்பா திதிக்கு மதியச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். மதுரை வடக்கு மாசி வீதிப் பக்கம், மூன்று கட்டு வீடு. கீழே ஆதரவற்ற பாட்டிகள், மாடியில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு இலவச ட்யூஷன். தேக்குத் தூண், முற்றம் எல்லாம் நீங்கள் பார்த்ததுதான். இலை போட்டாயிற்று, ஒரு பாட்டியைக் காணோம். கோயிலுக்குப் போனவர் வாசல் வரை வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து முடுக்கில் திரும்பினார். பின்கட்டுக் கதவு கிறீச்சிட்டது. அடுப்படி வழியாக வந்து உட்கார்ந்தார்.

"முன்வாசல் திறந்துதானே இருக்கு பாட்டி?"

"இந்த வீட்டுல பத்துப்பாத்திரம் தேய்ச்சவ தம்பி நான். அப்படியே பழகிப்போச்சு."

இப்போது அவர் கட்டில் கிடப்பது முதலாளி கணக்குப் பார்த்த பட்டாசாலைக் கூடத்தில். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். எனக்குத்தான் இறங்கவில்லை.

செல்லூர்க்காரி:
நீங்கள் அதைக் கேட்டே இருக்கக் கூடாது. அதுவும் பந்தியில், நாலு பேர் முன்னால்! நானும் இப்படி ஒரு வீட்டில்தான் ட்யூஷன் படித்தேன். மழை வந்தால் முற்றத்துச் சாரல் நோட்டை நனைக்கும். பதினாறாம் வாய்ப்பாட்டை நிறுத்தாமலே சுவரோரம் நகர்வோம். வீடு யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சுண்ணாம்பு மாமா:
பாயசம் இருக்கட்டும், சுவரைப் பார்த்தீர்களா? தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனை, பிறகு வெள்ளைக்காரக் கலெக்டர் குடியிருந்து, 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி மியூசியம் ஆனது. பள்ளியில் கூட்டிப்போனபோது எல்லாரும் காந்தியின் ரத்தக்கறை படிந்த துணியைப் பார்த்தார்கள். நான் சுவரைத் தடவி வாத்தியாரிடம் குட்டு வாங்கினேன். விஷயத்துக்கு வருகிறேன். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச விடாதீர்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். சுண்ணாம்பை நன்றாக ஊறவைத்து, மணலோடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைக்க வேண்டும். "எதுக்கு சார் அதெல்லாம்" என்கிற கொத்தனாரை அன்றே மாற்றுங்கள். மொட்டைமாடியில் அரசங்கன்று முளைத்தால் மேலே கிள்ளிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், வேர் உள்ளேயே ஓடும். அப்புறம் முற்றத்துத் தூம்பு...

மாசிவீதிக்காரன்:
மாமா, சுவரைப் பற்றி நான் கேட்கவே இல்லை. செல்லூர் அக்கா சொன்னதுதான் உறைத்தது. போன வாரம் மறுபடி போனேன், எதையும் கேட்கவில்லை. பாட்டி முடுக்கு வழியாகத்தான் வந்தார். கதவு மட்டும் சத்தம் போடவில்லை. யாரோ கீலுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.