புதுப்பிப்பு: குன்னூர் டீத்தூள் கடைக்கு லஞ்ச் பேக்கா, பேப்பர் பையா?

சீசனுக்கு இலவசமாகக் கொடுக்க, கடைப் பெயர் போட்ட லஞ்ச் பேக் நல்லதா, பேப்பர் பை போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிவு: வந்துபோகிற சுற்றுலாக்காரர்களுக்குப் பேப்பர் பை, வருஷம் முழுக்க வாங்குகிற உள்ளூர்க்காரர்களுக்கு லஞ்ச் பேக்.

கைகொடுத்தது, "சாம்பிள் பையில் சரக்கைப் போட்டு ராத்திரி வெளித் திண்ணையில் தொங்கவிடுங்க" என்ற யோசனைதான். இரண்டு அரைக்கிலோ பாக்கெட் வைத்தோம். 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) பேப்பர் பை எங்கும் கிழியவில்லை. அடி மடிப்பு மட்டும் வாய் பிளந்தது. ஒட்டியது மாவுப்பசை, மூடுபனி ஈரத்தில் இளகிவிட்டது. 140 ஜிஎஸ்எம் கிராஃப்ட் என்கிற உறுதியான தாள், சூட்டில் உருக்கி ஒட்டும் ஹாட்மெல்ட் பசை, அடியில் ஓர் அட்டை என்று மாற்றியதும் அசையவில்லை. லேமினேஷன் போடலாமே என்றார் ஒருவர். பிளாஸ்டிக் பூச்சுள்ள பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. துணிபோலத் தெரிகிற, ஆனால் நெய்யாத பிளாஸ்டிக் இழையாலான நான்-ஓவன் பைக்கும் அதே கதி.

எதிர்பாராதது லஞ்ச் பேக்கில். "முழுக்கத் துணி" என்று வந்த சாம்பிளின் உள் லைனிங் நான்-ஓவன். ஓர் இழையைப் பிரித்துத் தீக்குச்சி காட்டுங்கள்: பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், மற்றது உருகி மணியாகத் திரளும். லைனிங்கே இல்லாத கேன்வாஸ் எடுத்தோம்.

அச்சு ஒரே நிறம் போதும். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (மை இழுக்கும் வலைச் சட்டம்), அதற்குத் தனிக் காசு. மழைக்காலத்தில் மை காய நேரமாகும், உடனே அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டும்.