சொல்லாமல் ஆயத்தமாவது துரோகமா?

நொய்யல்:
கல்யாணமாகி ஒன்பது வருடம். அடி, குடி எதுவும் இல்லை. ஆனால் பாப்பாவின் ஸ்கூல் ஃபீஸ், கேஸ் சிலிண்டர் தவிர எங்களுக்குள் பேச்சும் இல்லை. கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டேன், வர மறுத்துவிட்டார். பிரிவது என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் தனி வங்கிக் கணக்கு தொடங்கி என் சம்பளத்தை அதற்கு மாற்றிவிட்டேன். வீட்டுப் பத்திரம், கடன் கணக்கு, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. "கூட இருந்தே குழி பறிக்கிறாயே" என்கிறாள் என் அக்கா. நான் செய்வது தவறா?

வைகைக்கரை:
அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. சொந்தத்தில் இப்படிச் சில பஞ்சாயத்துகளில் உட்கார்ந்திருக்கிறேன். மனைவி காகிதம் சேர்க்கிறாள் என்று தெரிந்த நிமிடமே கணவன் பேச்சை நிறுத்திவிட்டு வக்கீலைத் தேடுவான். முதலில் இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். காகிதமெல்லாம் அப்புறம்.

கறுப்பு கோட்டு:
ஐயா, பெரியவர்கள் உட்கார்ந்தால் முதல் கேள்வியே நகையைப் பற்றித்தான். லாக்கர் சாவி யாரிடம் என்ற சண்டையிலேயே அந்த மாலை முடிந்துவிடும்.

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஜீவனாம்சம் கேட்டு வழக்கு வந்தால் கணவன், மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன் அத்தனையையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். கோர்ட் எப்படியும் கேட்கப்போகிற கணக்கை முன்கூட்டியே எடுத்துவைப்பது குழி பறிப்பதா?

நொய்யல், உங்கள் பெற்றோர் போட்ட நகை சீதனம். அது மனைவியின் தனிச்சொத்து என்று 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. நகைக்கடை பில் இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்தில் நகை தெளிவாகத் தெரியும் படங்களை எடுத்துவையுங்கள். கூட்டுக் கணக்கை மட்டும் துடைத்து எடுக்காதீர்கள், நாளைக்கு உங்கள் பிரமாணப் பத்திரத்திலேயே அது பல்லிளிக்கும். உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அவர் போனைத் தொடாதீர்கள்.

எல்லாரும் மறப்பது வீட்டுக் கடன். இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் விவாகரத்து தீர்ப்பு வந்தாலும் வங்கிக்கு இருவருமே கடன்காரர்கள். அவர் ஈஎம்ஐ கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் ஸ்கோரும் சேர்ந்தே இறங்கும். ஒருவர் பெயருக்குக் கடனை மாற்ற வங்கி சம்மதிக்க வேண்டும், அதற்கு அந்த ஒருவர் சம்பளம் போதுமா என்று இப்போதே விசாரியுங்கள்.

தனிமரம்:
நான் அந்தப் பக்கம் நின்றவன். வேலை முடிந்து வந்தால் அலமாரி பாதி காலி, மறுநாள் வக்கீல் நோட்டீஸ். அவள் எடுத்துப் போனது எல்லாம் அவளுடையதுதான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அவள் நாள்கணக்கில் அழுது தீர்த்து, தேறி, அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டாள். எனக்கு அன்றைக்குத்தான் ஆரம்பம். அந்த நேரத்தில் எந்த ஆண் நிதானமாகக் கையெழுத்துப் போடுவான்? காகிதம் சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சேர்ந்ததும் உடனே சொல்லிவிடுங்கள். வீடு பார்ப்பதெல்லாம் சொன்ன பிறகு.

பவானி:
சொல்லிவிட்டுப் போ என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. கை ஓங்குகிற வீட்டில் "நான் போகிறேன்" என்று சொல்கிற இரவுதான் பெரிய ஆபத்து. அங்கே முதலில் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்க வேண்டும், பேச்சுவார்த்தை எல்லாம் வெளியே வந்த பிறகுதான். வீடு கணவன் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையை 2005 குடும்ப வன்முறைச் சட்டம் தருகிறது.

வைகைக்கரை:
அடி உதை இல்லை என்று அந்தப் பெண்ணே எழுதியிருக்கிறாளே.

பவானி:
இதைப் படிக்கிற எல்லாரும் நொய்யல் இல்லையே ஐயா.

கறுப்பு கோட்டு:
தனிமரம் அண்ணன் சொல்வதற்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. இந்து திருமணச் சட்டம் 13-பி-யில் பரஸ்பர சம்மத விவாகரத்து மனு போடுவதற்கு முன் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். கணவன் மனைவியாக வாழாவிட்டால் ஒரே வீட்டில் இருந்தாலும் அது பிரிந்திருப்பதுதான் என்று 1991-ல் சுரேஷ்டா தேவி வழக்கில் சொல்லிவிட்டார்கள். அதே தீர்ப்பு, ஒருவர் நடுவில் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் சொல்கிறது. மனு போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு. நெடுநாள் பிரிந்திருந்து, பணம், குழந்தை எல்லாம் பேசி முடித்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பைக் கோர்ட் விலக்கலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. ஆக, அவர் கோபித்துக்கொண்டு சம்மதிக்க மறுத்தால் இந்த வழியே அடைபட்டுவிடும்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்படாதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, எண் 15100.

வைகைக்கரை:
சரி, காகிதத்தை விடுகிறேன். பெரியவர்களிடம் சொல்லாமல் கோர்ட்டுக்குப் போவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நொய்யல்:
சனிக்கிழமை பாப்பாவை அம்மா வீட்டில் விட்டுவிட்டு அவரிடம் பேசப்போகிறேன். பெரியவர்கள் அவர் சம்மதித்தால் வரட்டும் ஐயா. பாப்பாவிடம் எப்போது சொல்வது?

தனிமரம்:
திங்கள் முதல் வெள்ளி வரை எந்த வீட்டில் தூங்குவாள், ஸ்கூலுக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்த பிறகு. என் மகன் கேட்டது அந்த இரண்டைத்தான். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள், யார் மேல் தப்பு என்ற பேச்சை அங்கே எடுக்கவே வேண்டாம்.