சீகன்பால்க் என்ற குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் இப்போது எத்தனை பேருக்கு இருக்கிறது?

பொறையாறு வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி ஆண்டு மலருக்கு ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1706 ஜூலையில் சக மிஷனரி புளுட்சாவோடு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது, அச்சுக்கூடம், 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுதாக வந்தது, 1718இல் புதிய எருசலேம் ஆலயம், அடுத்த வருஷம் பிப்ரவரியிலேயே 36 வயதில் இறந்துபோனது, இதெல்லாம் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கிடைக்கிறது, அதில் பிரச்சினை இல்லை.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் "சார், சீகன்பால்க்கறது அவர் பேரா, அவங்க அப்பா பேரா?" என்று கேட்டான். குடும்பப்பெயர்டா என்றேன். "அப்போ அந்தக் குடும்பம் இன்னும் இருக்கா?" என்று அடுத்த கேள்வி. வீட்டுக்கு வந்து தேடினால் ஒரு தளம் ஒரு எண்ணைச் சொல்கிறது, இன்னொன்று ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு சொல்கிறது, மூன்றாவது தளம் இந்தியாவிலும் சிலர் இருப்பதாகச் சொல்கிறது. எதை நம்புவது? பெயருக்கு என்ன பொருள், எந்தப் பகுதிப் பெயர், ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்று தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

எல்பே கரையோரம்:

வாத்தியாரே, நான் ட்ரெஸ்டனில் இருக்கிறேன். சீகன்பால்க் பிறந்த புல்ஸ்னிட்ஸ் இங்கிருந்து வடகிழக்கே பக்கத்தில்தான், சின்ன ஊர். இந்த ஊர்க்காரர்களிடம் புல்ஸ்னிட்ஸ் என்றால் முதலில் மசாலா போட்ட தேன் கேக்கைப் பற்றித்தான் பேசுவார்கள், 1558லிருந்து அங்கே சுடுகிறார்கள், மிஷனரி எல்லாம் அப்புறம்தான்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். 'சீகெ' என்றால் வெள்ளாடு. 'பால்க்' என்பது தோல், அதிலும் வயிற்றில் கீறி விரிக்காமல் முழுசாக உருவி எடுத்த தோல். தண்ணீர் பிடிக்கிற தோற்பைக்கும், கொல்லன் உலையில் ஊதுகிற துருத்திக்கும் அதே சொல்தான், துருத்தியை இன்றும் இங்கே 'பிளாஸபால்க்' என்றுதான் சொல்கிறார்கள். ஆக சீகன்பால்க் என்றால் வெள்ளாட்டுத் தோல். எழுத்தில் கடைசியில் ஜி இருந்தாலும் வாயில் க் என்றுதான் வரும், அதனால் 'பால்க்' என்று நம் ஆட்கள் எழுதியது சரியாகவே இருக்கிறது, ஆங்கிலத்தைப் பார்த்து 'பால்ஜ்' என்று படிக்கிறவர்கள்தான் தப்பு.

ஒரு குடும்பத்துக்கு ஏன் ஆட்டுத்தோல் என்று பெயர் வந்தது என்று கேட்பீர்கள். ஜெர்மன் குடும்பப்பெயர்களைப் பொதுவாக ஐந்து வகையாகப் பிரிப்பார்கள்: அப்பன் பெயர், பூர்விக ஊர், குடியிருந்த இடம், தொழில், பட்டப்பெயர். இது பட்டப்பெயர் வகை, ஆனால் தொழிலை ஒட்டி வந்த பட்டப்பெயர். தோல் பதனிடுகிறவனை நேராக 'பதனிடுபவன்' என்று கூப்பிடாமல் அவன் கையில் எப்போதும் இருக்கிற பொருளை வைத்துக் கூப்பிட்டிருப்பார்கள், அது அப்படியே பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும். தோல் வியாபாரி, துருத்தி தைக்கிறவன் என்றும் கொள்ளலாம். இதே மாதிரி வெள்ளாட்டுக் கால், வெள்ளாட்டுப் பாதம், வெள்ளாட்டுத் தாடி என்றெல்லாம் குடும்பப்பெயர்கள் இங்கே உண்டு, அவற்றில் சில நடையையோ முகத்தையோ பார்த்துக் கிண்டலாக வைத்தவை. நம் ஊரில் பட்டப்பெயர் வைக்கிற ஆட்களை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

எந்தப் பகுதிப் பெயர் என்பதற்கும் அந்த முதல் பாதியே சாட்சி. தென் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா பக்கம் வெள்ளாட்டுக்கு 'கைஸ்' என்றுதான் பழைய சொல். 'சீகெ' என்பது நடு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனிச் சொல். பைபிளை ஜெர்மனில் பெயர்த்த லூதர் அந்தப் பக்கத்து ஆள் என்பதால் அதில் 'சீகெ' போட்டார். அது தெற்கே புரியாது என்று பாசல் நகரத்து அச்சுக்காரர் ஆடம் பெட்ரி 1523இல் லூதரின் புதிய ஏற்பாட்டை மறுபதிப்புப் போடும்போது ஒரு சொல்பட்டியலைச் சேர்த்தார், 'வெள்ளாட்டுத் தோல்' என்பதற்கே அதில் தெற்கத்திச் சொல் கொடுத்திருக்கிறது. எபிரெயர் 11:37இல் வெள்ளாட்டுத் தோல்களைப் போர்த்துக்கொண்டு திரிந்தார்கள் என்று வருகிறதே, அந்த இடத்துக்காக. அதே வசனத்தைப் பின்னால் தமிழில் பெயர்த்தவர்களில் முதல் ஆட்களில் ஒருவர் வெள்ளாட்டுத் தோல் என்றே பெயர் உள்ள நம்ம சீகன்பால்க், இதை உங்கள் ஆண்டு மலரில் கண்டிப்பாகப் போடுங்கள்.

அதனால் இந்தப் பெயர் தெற்கே பவேரியாவிலோ சுவாபியாவிலோ முளைத்திருக்க வாய்ப்பு குறைவு. இன்றும் அடர்த்தி ட்ரெஸ்டன் இருக்கிற சாக்சனி மாநிலத்தில்தான், அதிலும் கிழக்குப் பக்கம்.

கணக்குப்புள்ள:

மேலே எழுதியவர் பெயரை நன்றாக விளக்கிவிட்டார், நான் எண்ணுக்கு வருகிறேன். வாத்தியார் சொன்ன அந்த மூன்று மடங்கில்தான் விஷயமே இருக்கிறது.

ஜெர்மன் புள்ளியியல் அலுவலகம் குடும்பப்பெயர் வாரியாகத் தலைக்கணக்கு வெளியிடுவதில்லை. அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 100 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கிற பெயர்களைப் பட்டியலாகவே தருகிறது, 2010க்கு 1,62,253 பெயர்கள், அந்த மாதிரி ஜெர்மனியில் கிடையாது. அப்புறம் எப்படி எல்லாத் தளத்திலும் எண் இருக்கிறது என்றால், தொலைபேசி இணைப்பை எண்ணுகிறார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் பெரிதும் நம்புவது ஒரே நிறுவனத்தின் 2005 ஜூன் மாதத்துத் தரைவழித் தொலைபேசித் தரவு, ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம் தனியார் இணைப்புகள், சுமார் எட்டரை லட்சம் விதமான குடும்பப்பெயர்கள். மைன்ஸ் நகரத்து அகாடமி 2012 முதல் தயாரித்துவருகிற இணையக் குடும்பப்பெயர் அகராதிக்கும் அதுதான் அடிப்படை.

அந்த வருஷம் ஜெர்மனியின் மக்கள்தொகை 8 கோடியே 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. வகுத்துப் பாருங்கள், ஓர் இணைப்புக்கு 2.9 பேர் வரும். அதனால் ஒரு தளம் இணைப்பு எண்ணிக்கையை அப்படியே போடும், இன்னொரு தளம் அதை மூன்றால் பெருக்கி 'இத்தனை பேர்' என்று போடும். இரண்டும் ஒரே தரவுதான் வாத்தியாரே, நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் பெருக்கிப் போட்ட எண்ணை நான் நம்ப மாட்டேன், அதுவும் அரிய பெயருக்கு. முல்லர் மாதிரி லட்சக்கணக்கில் இருக்கிற பெயருக்கு அந்தப் பெருக்கல் சரியாக வரும், ஏற்ற இறக்கம் எல்லாம் சமமாகிவிடும். அரிய பெயரில் அப்படி ஆகாது. அப்போதைய ஜெர்மன் குடும்பத்தில் சராசரியாக 2 பேருக்குக் கொஞ்சம் கூடத்தான், மிச்சம் ஏன் 2.9 வரை போகிறது என்றால் வேறு நிறுவனத்து இணைப்பு வைத்திருந்தவர்கள், கைபேசி மட்டும் வைத்திருந்தவர்கள் எல்லாம் அந்தத் தரவில் இல்லை. தனியாக வாழ்கிற ஒரு பாட்டி வீட்டு இணைப்பையும் மூன்று பேர் என்று கணக்கு வைப்பார்கள். கல்யாணம் ஆன பெண் வேறு பெயரில் இருந்தால் அதே வீட்டில் இரண்டு பெயர், இணைப்பு ஒன்றுதான், அதுவும் ஒருவர் பெயரில்தான். கட்டுரையில் போடுவதானால் 'இத்தனை தொலைபேசி இணைப்புகள், 2005' என்று வருஷத்தோடு போடுங்கள், 'இத்தனை பேர்' என்று போட வேண்டாம்.

நாசரேத் ஜெபா:

இந்தியாவில் சிலர் இருப்பதாகத் தளம் சொன்னது பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மிஷனரி பெயரைப் பிள்ளைக்கு வைப்பது பழைய வழக்கம். ரேனியஸ், ஷ்வார்ட்ஸ், கால்டுவெல் எல்லாம் எங்கள் சபையில் தாத்தாக்கள் பெயர், அவர்களுக்கு அது முதல் பெயர்தான். அவர்கள் பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை நிரப்புவார்கள், அதோடு உலகத் தளங்களின் கணக்கில் ஒரு 'ஷ்வார்ட்ஸ் குடும்பம்' கூடிவிடும். சீகன்பால்க் என்று பெயர் வைத்தவர்களும் இருப்பார்கள் அல்லவா, அந்த இந்தியக் கணக்கு அப்படி வந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு. அவருடைய வம்சம் இங்கே இருக்கிறது என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள், எங்கள் பெரியவர்கள் ஆண்டு மலரை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

பொறையாறு வாத்தியார்:

அடடா, மூவருக்கும் நன்றி. ஜெபா அண்ணே, சண்டைக்கு வராமல் பார்த்துக்கொள்கிறேன். எபிரெயர் வசனம் கட்டாயம் போகும்.

இன்னும் ஒரு சந்தேகம். ஒரு தளத்தில் வரைபடம் போட்டிருந்தார்கள், அதில் பெர்லின் அடர்நிறத்தில் இருந்தது, புல்ஸ்னிட்ஸ் இருக்கிற பவுட்சென் மாவட்டம் என்று தேடினால் அந்தப் பெயரே வரைபடத்தில் இல்லை, அந்த இடத்தில் காமென்ஸ் என்று ஏதோ போட்டிருந்தது. அப்படியென்றால் பெர்லின் பெயரா இது?

எல்பே கரையோரம்:

இல்லை இல்லை. காமென்ஸ் என்பது பழைய மாவட்டம், 2008 ஆகஸ்டில் அதைப் பவுட்செனோடு சேர்த்துவிட்டார்கள். தரவு அதற்கு முந்தையது என்பதால் வரைபடமும் பழைய எல்லையிலேயே நிற்கிறது, புல்ஸ்னிட்ஸ் அப்போது காமென்ஸ் மாவட்டத்தில்தான் இருந்தது. நீங்கள் பார்த்தது சரியான இடம்தான்.

பெர்லினுக்கு வருவோம். அநேகமாக நீங்கள் பார்த்தது மொத்த எண்ணிக்கை வரைபடம். அந்தத் தளங்களில் பெரும்பாலும் இன்னொரு பொத்தான் இருக்கும், பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்று காட்டுவதற்கு, அதைத் தட்டிப் பாருங்கள். பெர்லினில் 30 லட்சத்துக்கு மேல் ஜனம், எந்தப் பெயரைத் தேடினாலும் அங்கே நாலு பேர் இருப்பார்கள். அதே நாலு பேர் ஒரு சின்ன மாவட்டத்தில் இருந்தால் கதையே வேறு. விகித வரைபடத்தில் பெர்லின் வெளுத்து, சாக்சனி மேலே வரும்.

மேற்கே ரூர் பக்கம், ஹாம்பர்க் பக்கம் தெரிகிற ஒன்றிரண்டு புள்ளிகளைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். 1949க்கும் 1961இல் பெர்லின் சுவர் எழும்பியதற்கும் இடையில் மட்டும் கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஏறக்குறைய 27 லட்சம் பேர் மேற்கே போய்விட்டார்கள், சாக்சனிப் பெயர்களும் அவர்களோடு போயின. இன்னொன்று, கிழக்கு ஜெர்மனியில் வீட்டுக்குத் தொலைபேசி வாங்குவதே வருஷக்கணக்கில் காத்திருக்கிற சமாச்சாரம், ஆகையால் 1990க்கு முந்தைய தொலைபேசிப் புத்தகத்தை வைத்து யாராவது சாக்சனிப் பெயரைக் கணக்குப் போட்டிருந்தால் அதைத் தூக்கித் தூரப் போடுங்கள்.

கணக்குப்புள்ள:

தொலைபேசியே வேண்டாம் என்றால் அதைவிடப் பழைய தரவு ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் இறந்தவர், காயப்பட்டவர், காணாமல்போனவர், சிறைப்பட்டவர் பட்டியலைத் தொடர்ந்து அச்சிட்டது, 31,000 பக்கத்துக்கு மேல். கணினி வம்சாவளிச் சங்கத்துத் தன்னார்வலர்கள் 2011இலிருந்து சில வருஷத்தில் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து முடித்தார்கள், சுமார் 85 லட்சம் பதிவுகள், இலவசமாகத் தேடலாம். பெயரோடு ஊரும் இருக்கும், அதுதான் இதன் மதிப்பு. 1945க்குப் பிறகு நடந்த இடப்பெயர்ச்சி எதுவும் இதில் கலக்காது, பெயர் தன் சொந்த மண்ணில் இருந்த நிலை அப்படியே தெரியும். ராணுவப் பட்டியல் என்பதால் இளவட்ட ஆண்கள் மட்டும்தான், அதனால் மொத்த எண்ணிக்கைக்கு உதவாது, பரவலைப் பார்க்க இதைவிட நல்லது கிடைக்காது. ஊர்ப்பெயரை மட்டும் கவனித்துப் படியுங்கள், அச்சில் பிழை உண்டு, ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊரும் உண்டு.

'அந்தக் குடும்பம் இன்னும் இருக்கா' என்று கேட்ட பையனுக்கு: பெயர் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்லலாம். ஒரே பட்டப்பெயர் இரண்டு ஊரில் இரண்டு தோல்காரர்களுக்குத் தனித்தனியாக வந்திருக்க முடியும், ஆகவே இன்று சீகன்பால்க் என்று இருப்பவர்கள் எல்லோரும் ஒரே கொடி என்று சொல்ல முடியாது, மிஷனரியின் வழி என்று சொல்வதற்கு அதைவிடக் குறைவாகத்தான் இடம். அரிதாகப் போனதற்கும் பெரிய மர்மம் கிடையாது. 1976 வரை ஜெர்மன் சட்டப்படி கணவன் பெயர்தான் குடும்பத்துக்கு, பெண்பிள்ளைகள் மட்டும் இருந்த வீட்டில் பெயர் அத்தோடு நின்றது. சின்னக் கூட்டமாக ஆரம்பித்த பெயர் அப்படித்தான் தேயும்.

உறவு நிரூபிக்க வேண்டும் என்றால் சர்ச் ஞானஸ்நானப் பதிவேடுதான் வழி. ஜெர்மனி முழுமைக்கும் அரசாங்கப் பிறப்புப் பதிவு 1876 ஜனவரியில்தான் ஆரம்பம், அதற்கு முன்னால் பெரும்பாலும் பாதிரியார் கையெழுத்து. அந்தப் பழைய எழுத்தைப் படிக்கப் பழகவே தனியாக நாள் வேண்டும்.

எல்பே கரையோரம்:

பையனுடைய முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அது அவர் பெயரா, அப்பா பெயரா என்றானே, இரண்டுமேதான். புல்ஸ்னிட்ஸில் தானிய வியாபாரம் பார்த்த அப்பாவுக்கும் பர்த்தலோமேயு சீகன்பால்க் என்றுதான் பெயர். பழைய ஆவணம் எதையாவது இணையத்தில் பார்த்தீர்களானால் வருஷத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள், 1682க்கு முன்னால் வருகிற பர்த்தலோமேயு நம்ம ஆள் கிடையாது.