புது ப்ராஜெக்ட்டுக்கு ஃபெட்ச் போதுமா, ஆக்சியோஸ் வேணுமா?

கேள்விக்காரன்: சர்வருக்குக் கோரிக்கை அனுப்ப, கூடவே வர்ற ஃபெட்ச் போதுமா, தனியா இறக்குற ஆக்சியோஸ் லைப்ரரி வேணுமான்னு குழப்பம். முன்பக்கம் (பிரவுசர்) ரியாக்ட், பின்பக்கம் (சர்வர்) நோட் 20. பின்பக்கத்துலேர்ந்து பேமெண்ட் ஏபிஐயைக் கூப்பிடணும். முன்பக்கத்துல 200 எம்பி வீடியோ அப்லோட், எத்தனை சதவீதம் ஏறிச்சுன்னும் காட்டணும். லாகின் டோக்கன் 15 நிமிஷத்துல காலாவதி. எதை எடுக்கலாம்?

நோட்நாடோடி: நோட் 18-லேர்ந்தே ஃபெட்ச் கூடவே வருது. இன்னொரு பேக்கேஜை இறக்கி அதோட அப்டேட்டைத் துரத்துவானேன்? இதே வேலையைச் செஞ்ச 'ரிக்வெஸ்ட்' லைப்ரரியை 2020-ல கைவிட்டது ஞாபகம் இருக்கில்ல?

ஆக்சியோஸ்_பக்தன்: சர்வர் பிழைன்னு 500 வந்தாலும் ஃபெட்ச் எரர் எறியாதே! நெட்வொர்க் அறுந்தாதான் கேட்ச்சுக்குள்ள போகும். ரெஸ்பான்ஸ்.ஓகே பார்க்காம விட்டா, சர்வர் அனுப்பின எச்டிஎம்எல் பிழைப் பக்கத்தை ஜேசான்னு படிக்கப் போய் 'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்'னு விழும். அசல் காரணத்தைத் தேடிக்கிட்டே இருக்கவேண்டியதுதான்.

நோட்நாடோடி: அதுக்கு ஃபெட்ச்சைச் சுத்திப் பத்து வரி ரேப்பர் ஃபங்ஷன் போதும். ஓகே இல்லேன்னா ஸ்டேட்டஸோட எரர் எறி, அபார்ட்சிக்னல்.டைம்அவுட்(8000) கொடு. ஆக்சியோஸ்ல டைம்அவுட் நாமா வைக்காட்டி 0, அதாவது வரம்பே கிடையாது. அதைச் சொல்ல மாட்டேங்கறீங்க.

ஆக்சியோஸ்_பக்தன்: ஆக்சியோஸ் இன்ஸ்டன்ஸ் (நம்ம செட்டிங்ஸோட ஒரு பிரதி) உருவாக்கும்போதே வச்சுடலாம், ஒரு வரி. உங்க பத்து வரிதான் பத்தோட நிக்காது. டோக்கன் காலாவதியானதும் டாஷ்போர்டு ஒரே நேரத்துல ஆறு ஏபிஐ கால் போடும், ஆறுக்கும் 401 (அனுமதி இல்லை), ஆறும் தனித்தனியா ரெஃப்ரெஷ், அதாவது புது டோக்கன், கேட்கும். அதுக்குக் கொடுக்கிற ரெஃப்ரெஷ் டோக்கன் ஒரு தடவைதான் செல்லும்னா மீதி அஞ்சும் யூசரை லாக்அவுட் பண்ணிடும். ஆக்சியோஸோட இன்டர்செப்டர் (ஒவ்வொரு கோரிக்கையையும் பதிலையும் இடைமறிக்கிற ஃபங்ஷன்) இருந்தா ஒரே இடத்துல பார்த்துக்கலாம்.

பைப்லைன்: இன்டர்செப்டர் இருந்தாலும் அதே கதைதான். ரெஃப்ரெஷ் ப்ராமிஸை (இன்னும் வராத பதிலைக் குறிக்கிற ஆப்ஜெக்ட்) ஒரு வேரியபிள்ல வச்சு, எல்லா ஏபிஐ காலும் அதுக்கே காத்திருக்கணும் (அவெய்ட்). ஜெயிச்சாலும் தோத்தாலும் ஃபைனலி (finally) பிளாக்ல அந்த வேரியபிளை நல் (null, காலி) ஆக்கணும். ரெஃப்ரெஷுக்குத் தனி இன்ஸ்டன்ஸ், இல்லேன்னா அதுவே 401 தந்து சுத்திக்கிட்டே இருக்கும்.

அப்லோட் விஷயம் வேற. ஃபெட்ச்ல அதுக்கு ப்ராகிரஸ் ஈவென்ட் கிடையாது. பிரவுசர்ல ஆக்சியோஸ் வழக்கமா எக்ஸ்எச்ஆர் (XMLHttpRequest, பிரவுசரோட பழைய கோரிக்கை முறை) மேல ஓடுறதால கிடைக்குது. எதை எடுத்தாலும் ஃபைலை அனுப்புற ஃபார்ம்டேட்டாவுக்குக் கன்டென்ட்-டைப் ஹெடரைக் கையால எழுதாதீங்க. பவுண்டரி (பகுதிகளைப் பிரிக்கிற அடையாளம்) இல்லாம போனா சர்வரால ஃபைலைப் பிரிக்கவே முடியாது.

நோட்நாடோடி: ஒரு ப்ராகிரஸ் பாருக்காக முழு லைப்ரரியா? எக்ஸ்எச்ஆரை நேரா 20 வரில எழுதலாம்.

ஆக்சியோஸ்_பக்தன்: எழுதலாம். அடுத்து வர்றவர் அதைப் படிக்கணுமே.

நோட்நாடோடி: ஆக்சியோஸ் எரரை அப்படியே லாக் பண்ணா, கான்ஃபிக்குள்ள டோக்கனோட இருக்கிற ஆத்தரைசேஷன் ஹெடரும் லாக்ல உட்காரும். அதையும் சேர்த்துப் படிப்பார்.

பைப்லைன்: சண்டைல பேமெண்ட்டை மறந்துட்டீங்க. டைம்அவுட் ஆச்சுங்கறதால பணம் பிடிக்கலைன்னு அர்த்தமில்லை. பணம் கேட்டு அனுப்புற போஸ்ட் கோரிக்கைக்குக் கண்மூடித்தனமா ரீட்ரை வைக்காதீங்க. அந்த ஏபிஐ ஐடெம்பொடென்சி கீ (அதே கோரிக்கை திரும்ப வந்தா அடையாளம் காட்டுற எண்) ஏத்துக்குமான்னு முதல்ல பாருங்க. ஏத்துக்கும்னா, கீயை டேட்டாபேஸ்ல எழுதிட்டு அப்புறம் கூப்பிடுங்க, மறுமுயற்சிக்கும் அதே கீ. ரீட்ரை லூப்புக்குள்ள கீயை உருவாக்கினா ரெண்டு தடவை பணம் போயிடும்.

கேள்விக்காரன்: அப்போ பின்பக்கம் ஃபெட்ச், முன்பக்கம் ஆக்சியோஸ்?

நோட்நாடோடி: முன்பக்கத்தை நான் இன்னும் ஒத்துக்கலை. பின்பக்கத்துல ஒண்ணு: 400, 500 வந்தாலும் பாடியைப் படிச்சு முடிங்க, இல்லேன்னா கேன்சல் பண்ணுங்க. சும்மா விட்டா கனெக்ஷன், மறுபடி பயன்படுத்த வச்சிருக்கிற பூலுக்குத் திரும்ப நேரமாகும், லோடு ஏறினா அங்கதான் திணறும்.