எனக்கு ஆறு மட்டும்தான் ஞாபகம் இருந்தது

'சாங் ஆஃப் த ஸ்கார்லெட் ஃப்ளவர்' என்கிற கதையை நான் முதலில் பார்த்தது, 1919-இல் மௌரிட்ஸ் ஸ்டில்லர் ஸ்வீடனில் எடுத்த மௌனப்படமாக. அப்போது கல்லூரியில் இருந்தேன். ஒலோஃப் நிலபுலன் உள்ள வீட்டுப் பையன். அப்பாவோடு முட்டிக்கொண்டு கிளம்பி, வெட்டிய மரங்களை ஆற்றோடு மிதக்கவிட்டு ஓட்டிப்போகிற கூலியாட்களோடு சேர்கிறான். ஊருக்கு ஒரு காதல். கில்லிக்கி மட்டும் லேசில் மசியவில்லை. பொங்கிப் பாயும் ஆற்றில் ஒற்றை மரத்தின்மேல் நின்றபடி இறங்குவான் பாருங்கள், ஒலோஃபாக நடித்த அந்த லார்ஸ் ஹான்சனைப் பார்த்து வாய் பிளந்தவன் நான்.

அதே கதையை 1956-இல் குஸ்தாஃப் மொலாண்டர் எடுத்தார். அதைப் போன மாதம் அக்காவுடன் பார்த்தேன். நாயகன் யார்ல் குல்லே. சிரிப்பிலேயே பாதி வேலையை முடித்துவிடுகிற ஆள். ஆறு எப்போது வரும் என்று நான் உட்கார்ந்திருக்க, அக்கா கேட்டாள்: "இவன் விட்டுட்டுப் போன பொண்ணுங்கள்லாம் அப்புறம் என்னடா ஆனாங்க?"

"பழைய படத்துல அதெல்லாம் இல்லக்கா" என்றேன், ரொம்ப உறுதியாக.

அன்று இரவே பழையதைத் திரும்பப் போட்டேன். இருக்கிறது. நகரத்து விபசார விடுதியில் எதிரே வருகிறாள், அவன் கைவிட்டவர்களில் ஒருத்தி. அப்புறம் கண்ணாடிக்கு முன்னால் தன் முகத்தையே பார்க்க முடியாமல் திணறுகிறான். இதில் ஒரு ஷாட்கூட என் நினைவில் தங்கவில்லை.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். மொலாண்டரைப் பற்றி ஒன்று. 1919 படத்துக்கு ஸ்டில்லரோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவரே அவர்தான். 37 வருஷம் கழித்து இயக்குநராக அதே கதைக்குத் திரும்பியிருக்கிறார். இரண்டு பேரும் பிறந்தது பின்லாந்தின் ஹெல்சிங்கியில், அதனால் இந்தக் கதைக்கு மூலமான, பின்லாந்து எழுத்தாளர் யோஹன்னஸ் லின்னன்கோஸ்கியின் 1905 நாவல் அவர்களுக்கு அப்படியொன்றும் அந்நியமாக இருந்திருக்காது. நடுவில் 1934-இல் ஸ்வீடனிலும் 1938-இல் பின்லாந்திலும் எடுத்தார்கள். 1971-இல் மறுபடி பின்லாந்து. இப்படி விடாமல் எடுக்க அந்த ஆறுதான் காரணமோ என்னவோ!

நான் குல்லேயை முதலில் பார்த்தது ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மனின் 1960 படம் ஒன்றில், பெண்களை மயக்குவதற்குப் பேர்போன டான் ஹுவானாக. அதை முடித்துவிட்டு இதற்கு வந்ததால், ஒலோஃப் காதல் பேச வாயைத் திறந்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

*

நீங்கள் இரண்டு பேரும் சொல்கிற படம் எதுவும் நான் பார்க்கவில்லை. நாவலை ஆங்கிலத்தில் படித்திருக்கிறேன், அதுவும் பத்து வருஷத்துக்கு முன்னால். அதில் ஒலோஃபே பெண்களுக்குப் பேர் வைப்பான். ஒருத்தி மான், இன்னொருத்தி சிவப்புப் பழக்கொத்து. அப்போது அந்தப் பேர்களை ரசித்து நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். உங்கள் அக்காவின் கேள்வியைப் படித்ததும் அந்த மானின் சொந்தப் பேரை யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. கில்லிக்கியைத் தவிர ஒருத்தியின் பேரும் வரவில்லை. நோட்டைத் தேடி எடுத்தேன், அதிலும் மான் என்றுதான் எழுதியிருக்கிறேன்.