புதுப்பிப்பு: வன்னிக் கடைகளுக்கான பொட்காஸ்ட் – ஒலியும் கோப்பின் அளவும்

விதை, உரம், பம்பு உதிரிப்பாகம் விற்கும் கடைகள் வாடிக்கையாளருக்காகப் பொட்காஸ்ட் (இணையத்தில் தொடராக வரும் ஒலி நிகழ்ச்சி) தொடங்குவது பற்றி முன்பு எழுதிய இழையின் தொடர்ச்சி இது. அதில் அதிகம் வந்த கேள்வி, “டேட்டா தின்னாதா?” என்பதுதான்.

பேச்சுக்கு மோனோ (ஒற்றைத் தட ஒலி) போதும். எம்பி3 என்ற சுருக்கிய ஒலிக்கோப்பில், வினாடிக்கு 64 கிலோபிட் வீதம் 10 நிமிடம் ஏறத்தாழ 4.8 மெகாபைட். 128இல் அது இரட்டிப்பாகும். போன் ஸ்பீக்கரில் கேட்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மூலப் பதிவை மட்டும் சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்திருங்கள். சுருக்கியதை வெட்டித் திரும்பவும் சுருக்கினால் குரல் கரகரக்கும்.

தகரக் கூரைக் கடைக்குள் பதிவு செய்யவே வேண்டாம். எதிரொலியைப் பிறகு முழுதாக நீக்க முடியாது. நெல் மூட்டை அடுக்கிய களஞ்சியம் அருமையான இடம், சாக்கு ஒலியை உறிஞ்சும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே பிடித்தால் “ப” வரும்போதெல்லாம் காற்று மோதும். தொடங்குமுன் 20 வினாடி பேசாமல் பதியுங்கள். இரைச்சலைக் குறைக்க மென்பொருளுக்கு அந்த மாதிரி தேவை.

ஒரே ஆர்எஸ்எஸ் ஓடையிலிருந்து (புதிய அங்கங்களைச் செயலிகளுக்குத் தானாக அறிவிக்கும் இணைய முகவரி) அங்கங்கள் ஸ்பொட்டிபை, ஆப்பிள் இரண்டுக்கும் போகும். அட்டைப்படம் சதுரமாக, குறைந்தது 1400 பிக்சல். கூகிள் பொட்காஸ்ட் 2024இல் மூடப்பட்டதால் யூடியூப்பிலும் ஏற்றுங்கள். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள கமக்காரருக்கு வட்ஸ்அப் குழுவில் கோப்பாகவே அனுப்புங்கள்.

விதைநெல் பற்றிய அங்கம் காலபோக (மாரிகால நெற்போகம்) விதைப்புக்கு முன்பே, செப்டெம்பரில் வரவேண்டும். விலையைப் பதிவில் சொல்லாமல் குழுச் செய்தியில் எழுதுங்கள். ஒவ்வொரு அங்கத்துக்கும் ஒரு அடையாளச் சொல்லைக் கொடுத்து, அதைச் சொல்லி வருபவரைப் பற்றுச்சீட்டில் குறியுங்கள். ஏனென்றால் பதிவிறக்க எண்ணிக்கை விற்பனையைக் காட்டாது.