‘எடுலே’ என்றவனும் ‘எடுங்க’ என்றவனும்

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் சேர்ந்து, இப்போது அந்தப் பிரிவையே பார்த்துக்கொள்கிறேன். எங்கள் கம்பெனியில் காங்கேயம், அவிநாசி ஆட்களோடு மதுரை, தேனி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று பல மாவட்டத்தாரும் வேலை செய்கிறார்கள். அதனால் ஊர்ப்பேச்சை வைத்து ஒருவரை ஒருவர் சீண்டாத நாளே இங்கு கிடையாது. அந்தச் சீண்டலை நான் விரும்புகிறேன். நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவனால்தான் அதைச் சரியாகக் கேலி செய்ய முடியும் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு ‘லே’யின் கதையைச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் ஓவர்லாக் மெஷினுக்கு டெய்லராக வந்தான். அவனுக்குக் கைமடியாக, அதாவது பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கும் உதவியாளாக, நின்றவன் காங்கேயம் பக்கத்துப் பையன். முதல் நாள் காலையிலேயே டெய்லர், “ஏலே, அந்தப் பண்டல இங்கன எடுத்துப் போடுலே, மெசினு சும்மா நிக்குல்லா” என்றான். கைமடிப் பையன் பண்டலைத் தரையில் வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்து, “ஏனுங்க, நான் வேல செய்யத்தானுங்க வந்தேன். லே போட்டுக் கூப்பிட்டா எனக்கு ஆகாதுங்க” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. டீ நேரத்தில் டெய்லரைத் தனியாக அழைத்துப் பேசலாம் என்று போனால், அவன் எனக்கு முன்பே தன் குறையைத் தொடங்கிவிட்டான். “அண்ணாச்சி, அந்தப் பய என்னைய வாங்க போங்கன்னே பேசுதான். எம்மேல அவனுக்கு என்ன கோவம்னு தெரியல.”

இருவரும் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பழகியவர்களுக்குள் ‘லே’ என்பது தோளில் கை போடுவதற்குச் சமம். நேற்றுவரை ‘வாலே’ என்றவன் இன்று ‘வாங்க’ என்றால், ஏதோ மனத்தாங்கல் என்றுதான் பொருள். கொங்குப் பக்கத்திலோ பெற்ற பிள்ளையையே ‘வாங்க சாமி’, ‘சாப்பிடுங்க கண்ணு’ என்று அழைக்கும் வீடுகள் உண்டு. அங்கே ‘ங்க’ என்பது பாசத்திலிருந்து பிரிக்க முடியாத மரியாதை. இதை இருவரையும் உட்கார வைத்து விளக்கினேன். சில மாதங்களில் அந்தக் கைமடிப் பையனே டெய்லரைப் பார்த்து ‘வாங்கலே, டீ குடிக்கப் போலாம்’ என்று கூப்பிடத் தொடங்கினான். தாமிரபரணியும் நொய்யலும் ஒரே சொல்லில் கலந்த அந்த ‘வாங்கலே’ எங்கள் கம்பெனி முழுவதும் பரவிவிட்டது.

அடுத்தது ஒரு நோம்பி. அவிநாசிக்கு அருகிலிருக்கும் தன் ஊருக்கு, மாரியம்மன் நோம்பிக்கு வரச் சொல்லி எங்கள் கட்டிங் மாஸ்டர் எல்லோரையும் அழைத்திருந்தார். எங்களோடு வந்த கடையநல்லூர் நண்பர் இஸ்லாமியர். நோம்பி என்றதும் நோன்பு என்றே அவர் எடுத்துக்கொண்டார். விரதமிருக்கும் வீட்டில் போய்ச் சாப்பாட்டை எதிர்பார்ப்பது முறையில்லை என்று எண்ணி, வழியிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அங்கு போனால் பந்தலும் மேளமுமாக வீடு நிறைய ஆட்கள். “ஒறம்பரை எல்லாம் வந்திருக்குதுங்க, உள்ள வாங்க” என்று மாஸ்டர் கையைப் பிடித்து அழைத்தார். கொங்கில் நோம்பி என்றால் திருவிழா, ஒறம்பரை என்றால் விருந்தாக வந்த உறவினர் என்பதை நான் மெல்ல எடுத்துச் சொல்லும்போதே ஒப்புட்டும் கச்சாயமும் சந்தகையும் இலைக்கு வந்துவிட்டன.

சந்தகையைப் பார்த்த நண்பர், “இது எங்கூரு இடியாப்பம்லா” என்றார். பரிமாறிக்கொண்டிருந்த மாஸ்டரின் அம்மா நின்றுவிட்டார். “அதெப்படிங்க கண்ணு ஒண்ணாகும்? நீங்க மாவப் புழிஞ்சு வேக வெக்கறீங்க. நாங்க வேக வெச்சுப் புழியறமுங்க” என்று சொன்னதோடு விடாமல், எங்களைச் சமையலறைக்கே கூட்டிச் சென்று காட்டினார். ஊற வைத்து அரைத்த அரிசி மாவை இட்லி போல் வேகவைத்து, ஆவி பறக்கும்போதே இடுப்புயரக் கருவியில் இட்டு மேலிருக்கும் பிடியைச் சுற்றினால், கீழே வைத்த தட்டில் வெள்ளை நூல் நூலாக இறங்குகிறது. சூடு ஆறிவிட்டால் மாவு இறுகி, பிடி நகராது. அதனால் ஒருவர் வேகவைக்க ஒருவர் பிழிய என்று வீடே சேர்ந்து செய்ய வேண்டிய பலகாரம் அது. நண்பர் தாமும் பிடியைச் சுற்றிப் பார்த்தார். வெளியே வந்ததும் ‘இருந்தாலும் எங்கூரு இடியாப்பம்தான் மெதுவு’ என்று என் காதில் சொன்னதை மாஸ்டர் கேட்டுவிட்டார். அந்த வழக்கு இன்றும் தீரவில்லை.

தண்ணீர்ப் போட்டி இதைவிடப் பழையது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறார். சிறுவாணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்குக்கு உலகத்தில் வேறெந்தத் தண்ணீரும் பிடிக்காது என்பது அவர் கட்சி. எங்கள் பக்கத்து ஆட்களின் பதில் எப்போதும் ஒன்றுதான்: “சிறுவாணி அணை பாலக்காடு மாவட்டத்துலல்லா இருக்கு? எங்க தாமிரபரணி பொதிகையில பொறந்து புன்னைக்காயல்ல கடலோட சேருதது வரைக்கும் தமிழ்நாட்டு எல்லையத் தாண்டாது.” இதற்கு அவரிடம் பதில் இல்லை, ஆனால் ஒரு குவளை சிறுவாணித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசச் சொல்வார். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் நான் அல்வா வாங்கி வருவேன். அதன் ருசி ஆற்றுத் தண்ணீரால் வருவது என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறோம். அவரோ விரலில் ஒட்டியதைத் துடைத்தபடி, “எல்லாம் நெய்யுங்க” என்று முடித்துவிடுவார். மதுரைக்காரர்கள் இந்தப் பேச்சில் கலந்துகொள்வதே இல்லை. நடுராத்திரியில் சுடச்சுட இட்லி கிடைக்காத ஊர்க்காரர்கள் எதைப் பற்றிப் பேசினாலும் அவர்களுக்கு ஒன்றுதான். ‘அவய்ங்க பேசட்டும்ணே’ என்று சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனால் எல்லாக் கேலியும் இப்படிச் சமமானவர்களுக்குள் நடப்பதில்லை. சென்னையிலிருந்து ஆர்டர் பார்க்க வருகிற ஒரு தம்பி வியாசர்பாடிக்காரர். வேலையில் கெட்டிக்காரர். அவர் ஒருமுறை, “இன்னாபா, பீஸ் ரெடியா? நாஷ்டா துன்னுட்டு வந்துர்றேன்” என்றதும் மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு வேறு வகை. எங்கள் ‘லே’வுக்கோ கொங்கு ‘ங்க’வுக்கோ கிடைக்கும் சிரிப்பில் ஒரு செல்லம் இருக்கும். இதில் ஏளனம் மட்டுமே இருந்தது. அவர் அதற்குப் பிறகு எங்களிடம் புத்தகத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அளந்து பேச ஆரம்பித்தார். அது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கோட்டைக்கு இடம் பிடித்த நாளிலிருந்து தமிழும் தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் பேசியவர்கள் ஒரே இடத்தில் பாடுபட்டதால் உருவான பேச்சு அது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்தவர்களின் பேச்சு என்பதாலேயே அது தாழ்ந்ததாகக் கருதப்படுகிறது. சினிமாவில் ரவுடிக்கும் கோமாளிக்கும் மட்டும் அந்தப் பேச்சைக் கொடுத்துக் கொடுத்து, நம் காதையும் பழக்கிவிட்டார்கள். மதுரைப் பேச்சு என்றால் அரிவாள், கோவைப் பேச்சு என்றால் வெகுளி என்று ஆனதும் இப்படித்தான். ஒரு ஊர்க்காரர் நம் முன்னால் தன் பேச்சை மறைக்கத் தொடங்கினால், அங்கே நடந்தது விளையாட்டு அல்ல.

இதே வலியை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அனுபவிக்கிறார்கள். உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு வேலைக்கான நேர்காணலில், ‘சொல்லுதேன்’ என்று தொடங்கியதும் ‘நல்ல தமிழில் பேசுங்கள்’ என்று நிறுத்தப்பட்டான். கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும், அடுத்தடுத்த வாக்கியங்களில் ‘சொல்கிறேன்’ என்று திருத்திக்கொள்வதிலேயே அவன் கவனம் போய்விட்டது.

எது நல்ல தமிழ் என்ற கேள்விக்குத் தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. “செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் தம் குறிப்பினவே திசைச்சொற் கிளவி” என்று அது திசைச்சொல்லுக்கும், அதாவது வட்டார வழக்குச் சொல்லுக்கும், இலக்கணத்தில் இருக்கை போட்டு வைத்தது. குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர் என்று உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுத் தந்திருக்கிறார்கள். எங்கள் செக்கிங் மேசையில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையிலிருந்து வந்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஊரில் தன் வீட்டுக் கோழி பொரித்த குஞ்சுகளைப் பற்றிப் பேசும்போது அவர் சாதாரணமாகத் ‘தள்ளைக்கோழி’ என்றார். ‘அது மலையாளம்லா’ என்று பக்கத்தில் நின்ற எங்கள் ஊர்ப் பெண் சீண்டினாள். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டத்தைப் பார்த்து இன்னும் இப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த உரைச் செய்தியைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேட்டியா பிள்ளே? ஒனக்க பாட்டிக்க பாட்டி காலத்துக்கு முந்தியே உள்ள தமிழாக்கும்” என்று அவர் சொன்னபோது, சீண்டிய பெண்ணே முதலில் கைதட்டினாள்.

என் மகள் திருப்பூரில் பிறந்தவள். ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகும்போது என் அம்மா ‘ஏட்டி, இங்கன வா’ என்பாள். இவள் ‘ஏனுங்க ஆச்சி?’ என்று கேட்டபடி ஓடுவாள். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் சுற்றி நின்று ‘கோயமுத்தூர்க்காரி’ என்று கூவுவார்கள். இந்த ஆண்டு அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “என்ற ஊரு திருப்பூருங்க. கோயமுத்தூர் வேற ஜில்லாலே” என்றாள்.